வளவுக்குள்ள பாம்புக்குட்டி கண்டா என்ன செய்யிறது, தாய் தேடி வருமோ?

போன ஆவணியில ஒருநாள் விடியக்காலமை விசுவமடுவில இருக்கிற அத்தான் போன் எடுத்தார், குரலே சரியில்லை. "தம்பி, பின் கொட்டிலுக்குள்ள யூரியா பையைத் தூக்கினனான், கீழ மூண்டு பாம்புக்குட்டி கிடக்குது, தாய் உதில எங்கயோதான் நிக்கும், நான் குட்டியை அடிச்சா அது தேடி வருமோ?" எண்டு கேட்டார். நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, பையை இப்பவும் கையில பிடிச்சுக்கொண்டோ நிக்கிறியள் எண்டது. ஓம் எண்டார். ஒரு கையில பை, மற்றக் கையில போன், காலில பாட்டா செருப்பு.

அண்டைக்கு அவருக்கு போனில சொன்னதையும் பிறகு நேர போய் இருந்து சொன்னதையும் சேத்துத்தான் இதை எழுதிறன், ஏனெண்டா வன்னியில இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. வயல், குளம், காடு மூண்டும் ஒரே வளவுக்குப் பக்கத்தில இருக்கிற இடம் எங்கட. எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும், பாம்பு வந்தா குட்டியும் வரும்.

முதல்ல அந்தத் தாய் விசயத்தை முடிச்சு விடுவம். பாம்புக்குட்டிக்குத் தாய் எண்டு ஒண்டு பிறந்த பிறகு கிடையாது. பால் குடுக்கிறதில்லை, இரை கொண்டுவந்து குடுக்கிறதில்லை, கூட்டிக்கொண்டு திரியிறதில்லை. நாகமும் எட்டடி விரியனும் முட்டையோட இருந்து காவல் காக்கிறது உண்மை, ஆனா பொரிச்சு வெளிய வந்த பிறகு அதுவும் இல்லை. புடையன், அதாவது கண்ணாடி விரியன், குட்டி போட்டிட்டு தன்ர பாட்டில போயிடும். பழிவாங்க வாற பாம்பு படத்திலதான் வரும். அப்ப நீங்கள் பயப்பட வேண்டியது தாய்க்கில்லை, நீங்கள் கண்ட குட்டி மூண்டு எண்டா காணாத குட்டி எத்தினை, அதுகள் இப்ப எங்க ஒளிச்சுக் கிடக்குதுகள் எண்டதுக்குத்தான். அதைக் கணக்குப் போடோணும் எண்டா எந்தப் பாம்பு முட்டை இடும், எது குட்டி போடும் எண்டு தெரிஞ்சிருக்கோணும்.

கணக்கு லேசு. விரியன் குடும்பம் குட்டி போடும். எங்கட பக்கத்தில அது கண்ணாடிப் புடையன், கடற்கரை மணல் பக்கம், அதாவது முல்லைத்தீவு மன்னார் கரையோரங்களில இருக்கிற சுருட்டை, பிறகு காட்டுச் சருகுக்குள்ள கிடக்கிற, மூக்கு நுனி மேல தூக்கின சின்னக் குழிவிரியன், சிங்களத்தில குணகட்டுவா எண்டுவினம். நாகமும் எட்டடி விரியனும் முட்டை இடும். பேரில விரியன் எண்டு இருக்கிறதால ஏமாந்து போகாதேங்கோ, எட்டடி விரியன் அதாவது கட்டுவிரியன் விரியன் குடும்பம் இல்லை, நாகத்தின்ர சொந்தம். விசமும் அப்பிடித்தான், நரம்பைத்தான் பிடிக்கும்.

புடையன் குட்டி போடுது எண்டோன்ன பசு கண்டு போடுற மாதிரி நினைக்கக் கூடாது. உள்ளுக்குள்ள முட்டைதான், ஆனா கோது இல்லை, மெல்லிய சவ்வு மட்டும்தான், அந்தச் சவ்வுக்குள்ள மஞ்சள் கருவைச் சாப்பிட்டுத்தான் குட்டி வளருது, தாய் குடுக்கிறது கூடுதலா காத்தும் தண்ணியும்தான். ஆறு மாசத்துக்கு மேல வயித்தில வச்சிருக்கும். அந்த ஆறு மாசத்திலயும் தாய்க்கு ஒரு வேலை இருக்கு, அது வெயில் காயிறது. தன்ர உடம்பை சரியான சூட்டில வச்சிருந்தாத்தான் உள்ள இருக்கிறது ஒழுங்கா வளரும், அதால காலமை வெயில் விழுற வரம்பு, வாய்க்கால் கட்டு, ஒற்றையடிப் பாதை ஓரம் எண்டு வந்து கிடக்கும். வயிறு பெருத்து மொத்தமா, ஓட மனமில்லாமல் கிடக்கிற புடையனைக் கண்டா அது எலி விழுங்கினதாவும் இருக்கலாம், வயித்தில குட்டியாவும் இருக்கலாம், ரெண்டிலயும் அது விலகிப் போகாது, குக்கர் விசில் மாதிரி சீறிக்கொண்டு அதிலயே நிக்கும். நீங்கள்தான் விலகோணும்.

எத்தினை குட்டி எண்டு கேட்டா அத்தானுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுறன், மூண்டு எண்டு ஒருக்காலும் நினைக்காதேங்கோ. கண்ணாடிப் புடையன் சாதாரணமா 20 முதல் 40 மட்டும் போடும், 60ஐத் தாண்டிப் போட்டதாயும் பதிவு இருக்கு. சுருட்டை சின்னப் பாம்பு, 3 முதல் 15 மட்டும். குழிவிரியனும் கிட்டத்தட்ட அந்தளவுதான். ஒவ்வொரு குட்டியும் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வுப் பைக்குள்ள சுருண்டு வெளிய வரும், சில நிமிசத்தில மூக்கால குத்திக் கிழிச்சுக்கொண்டு வந்து மூச்செடுக்கும், அந்த நிமிசத்தில இருந்தே பல்லும் இருக்கு விசமும் இருக்கு. பிறந்த புடையன் குட்டி 21 தொடக்கம் 26 சென்ரிமீற்றர் வரும், அதாவது பள்ளிக்கூட அடிமட்டத்தை விடக் கொஞ்சம் கட்டை. சுருட்டைக் குட்டி அதிலும் பாதி, 11 தொடக்கம் 15 சென்ரிமீற்றர், ஒரு பேனைக்குக் கிட்ட. மண்புழு எண்டு நினைச்சுப் பிள்ளையள் கை வைக்கிற சைஸ், அதுதான் பிரச்சினை.

காலம் எப்ப எண்டா, புடையன் இந்தப் பக்கத்து நாடுகளில மே தொடங்கி நவம்பர் மட்டும் குட்டி போடும், கூட ஜூன் ஜூலையில. நாகம் முட்டை இடுறது ஏப்ரலில இருந்து ஜூலைக்குள்ள, பொரிக்க 48 முதல் 69 நாள் போகும். அப்ப எங்கட கணக்குக்கு சிறுபோகம் வயலில நிக்கிற நேரத்தில இருந்து காலபோகத்துக்கு உழுது விதைக்கிற மழை மட்டும் குட்டிக்காலம் எண்டு வையுங்கோ. கோடைக்குள்ள காஞ்ச பத்தையை வெட்டி வளவு துப்புரவாக்குறதும், கொட்டிலை மேயிறதும், விறகு அடுக்குறதும் எல்லாம் இதே மாசங்களிலதான் செய்யிறம், அதுதான் சந்திக்கிறது.

இப்ப முட்டை. நாகம் தானாக் கிடங்கு கிண்டாது, ஆரோ கிண்டின வீட்டுக்குள்ளதான் போகும். கறையான் புத்து, எலி வளை, இடிஞ்ச சுவரின்ர அடி, பழைய கல்லுக் குவியல், எங்கட ஊருகளில இன்னும் மூடாத பங்கர் கிடங்குகளும் அதுக்கு வசதிதான். உள்ள சூடும் ஈரமும் ஒரே அளவா நிக்கும், அதுதான் தேவை. 12 முதல் 30 முட்டை மட்டும் இருக்கும். எட்டடி விரியன் 8 முதல் 12 மட்டும். குளத்து முதலைக்கும் கன ஆமை வகைகளுக்கும் மண்ணின்ர சூடுதான் ஆணோ பெண்ணோ எண்டு தீர்மானிக்கும், பாம்புக்கு அப்பிடி இல்லை, அது முட்டைக்குள்ள போகேக்கயே முடிஞ்ச விசயம். ஆனா சூடு குறைஞ்சா பொரிக்கிற நாள் நீளும், தண்ணி ஏறினா முட்டை தாண்டு போகும். ஐப்பசி மழை முந்தி வந்த வருசங்களில எத்தினை முட்டை வளைக்குள்ளயே அழுகியிருக்கும் எண்டு நான் நினைக்கிறனான்.

மண்ணைக் கிண்டேக்க முட்டை வெளிய வந்தா உடன எல்லாத்தையும் பாம்பு முட்டை எண்டு உடைக்கக் கூடாது. கோது சுண்ணாம்பு மாதிரி கடினமா, உருண்டையா, ரெண்டு ரெண்டா சுவர் இடுக்கில கிடந்தா அது பல்லி முட்டை. குளத்தங்கரை மண்ணில கடினமான கோதோட கிடந்தா ஆமை முட்டையா இருக்கலாம், பால் ஆமை முட்டை உருண்டையா வெள்ளையா பிங்பொங் பந்து மாதிரி இருக்கும். பாம்பு முட்டை நீட்டா, வெள்ளையா, தோல் மாதிரி இருக்கும், கோழி முட்டை மாதிரி உடையாது, அமத்தினா பள்ளம் விழும். பெரும்பாலும் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு ஒரு குலையாக் கிடக்கும். ஓணானும் உடும்பும் கூடத் தோல் முட்டைதான் இடும், அதால முட்டையை மட்டும் பாத்து நாகமோ சாரையோ எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது, சொல்லுறன் எண்டு வாறவரை நம்பாதேங்கோ.

நான் ஒருக்கா பிழை விட்டனான், சொல்லத்தான் வேணும். தென்னங்கண்டு வைக்க அலவாங்கால இடிச்சுக்கொண்டு போகேக்க பழைய புத்தின்ர அடி சரிஞ்சு ஆறேழு முட்டை தெரிஞ்சது, தாய் முட்டையோட இருக்கும் எண்ட நினைப்பே வராமல் குந்தியிருந்து கையால மண்ணைத் தட்டிப் பாத்தனான். அரைச் சாண் உள்ளுக்கு ஒரு உடம்பு நகர்ந்தது, கறுப்பும் மண்நிறமும், பிறகு அந்தச் சத்தம், ஊதிற சத்தம். எழும்பி ஓடேல்ல, இருந்தபடி பின்னுக்கு விழுந்து அரைஞ்சு அரைஞ்சுதான் வந்தனான். மனுசி இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா. ஆனா நாகம் அடிக்கேல்ல, கடிக்கேல்ல, என்னை விட அதுக்குத்தான் பொறுமை. தென்னங்கண்டை பத்தடி தள்ளி வச்சம்.

அதால முட்டை கண்டா செய்யிறது இதுதான். குந்தாதேங்கோ, கையை வைக்காதேங்கோ, பின்னுக்கு வாங்கோ. தோட்டத்து மூலை, வேலிக்கு வெளிய, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் எண்டா நீட்டுத் தடியால மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிப்போட்டு, நாலு தடி நட்டு ஒரு பழைய துணியைக் கட்டி அடையாளம் வச்சு, ரெண்டு ரெண்டரை மாசம் அந்தப் பக்கம் பிள்ளையளையும் நாயையும் விடாதேங்கோ, முடிஞ்சுது. வீட்டு அத்திவாரத்துக்குள்ள, குசினிக்குப் பின்னால, பள்ளிக்கூடப் பக்கம் எண்டா வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவிச்சு பழகின ஆளைக் கூப்பிடுறதுதான் வழி. நீங்களே முட்டையை வாளியில போட்டுக் கொண்டுபோய் காட்டில விடுறது உதவி இல்லை, உருட்டிப் புரட்டினா உள்ள இருக்கிற கரு செத்துப்போகலாம், எடுக்கேக்க தாயும் கிடங்குக்குள்ள இருக்கும். பெட்ரோல் ஊத்திக் கொளுத்திறது வேண்டவே வேண்டாம், புத்து கனதூரம் ஓடும், நீங்கள் ஒரு வாயில கொளுத்த அது இன்னொரு வாயால உங்கட காலுக்குக் கிட்ட வரும். இன்னொண்டு, பத்தைக் காணியை துப்புரவாக்குற ஆக்கள், மிதிவெடி அகற்றின காணியோ எண்டு தெரியாமல் எந்தப் புத்தையும் கிண்டாதேங்கோ, அங்க பாம்பு ரெண்டாவது பிரச்சினை.

எங்கட சனத்தில கனபேர் நாகத்தை அடிக்காதுகள், புதூர் நாகதம்பிரானும் புளியம்பொக்கணை நாகதம்பிரானும் இருக்கிற மண் இது, புத்துக்குப் பால் வைக்கிற பழக்கம். நல்லது. ஆனா அதே ஆக்கள் சாரையைக் கண்டா நாகத்தோட பிணைஞ்சு குட்டி போடும் எண்டு அடிச்சுக் கொல்லுவினம், அது பாவம். சாரையும் நாகமும் சேராது. ரெண்டு பாம்பு நிமிந்து முறுக்கி ஆடுறதைக் கண்டனாங்கள் எண்டு சொல்லுறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை சண்டை பிடிக்கிறது. சாரை எலி தின்னும், எலி குறைஞ்சா புடையன் உங்கட வயலுக்கு வாறதும் குறையும், அதை அடிச்சுப்போட்டு பிறகு புடையன் கூடிப்போச்சு எண்டு அழுறதில அர்த்தமில்லை.

பொரிக்கிற விசயத்தையும் சொல்லுறன், ஏனெண்டா அது வடிவான காட்சி. குட்டியின்ர மேல்வாய் நுனியில ஒரு சின்னப் பல் இருக்கும், முட்டைப் பல், அதால கோதில கோடு மாதிரிக் கீறி ஒரு வெட்டுப் போடும். போட்டோன்ன வெளிய வராது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, ஆள் அசைஞ்சா திரும்ப உள்ள இழுத்துக்கொண்டு, சில நேரம் ஒரு நாள் முழுக்க அப்பிடியே இருக்கும், மிச்ச மஞ்சள் கருவை வயித்துக்குள்ள இழுக்கிற வேலை அது. முட்டையில இருந்து பாதி வந்த நாகக் குட்டியே படம் எடுக்கும், 20 முதல் 30 சென்ரிமீற்றர்க் குட்டி, கட்டைவிரல் அகலம் படம், அதுக்குள்ள கோவம் முழுசா. அந்த முட்டைப் பல் சில நாளில விழுந்திடும். உள்ள இழுத்த மஞ்சள் கருதான் முதல் சாப்பாடு, ஒரு கிழமை பத்து நாள் அதில ஓடும், அதுக்குப் பிறகு முதல் செட்டை, அதாவது மேல்தோல், கழட்டி, அப்பதான் பசி தொடங்கும்.

பசி தொடங்கினாத்தான் அதின்ர சீவியமும் தொடங்குது. எலி பிடிக்கிற சைஸ் இல்லை அதுக்கு. அரணை, பல்லிக்குஞ்சு, சின்னத் தவளை, மற்றப் பாம்பின்ர குட்டி, இதுதான் சாப்பாடு. கட்டுவிரியன் குட்டிக்கு குருட்டுப் பாம்பு நல்ல இரை. புடையன் குட்டிகள் தங்களுக்குள்ளயே ஒண்டை ஒண்டு விழுங்கும். குழிவிரியன் குட்டியின்ர வால் நுனி வெளுறின நிறமா இருக்கும், உடம்பைச் சருகுக்குள்ள மறைச்சுக்கொண்டு வாலை மட்டும் புழு மாதிரி நெளிச்சுக் காட்டும், புழு எண்டு கிட்ட வாற தவளையோ அரணையோ அப்பிடியே போச்சு. ஆரும் சொல்லிக் குடுத்ததில்லை, பிறக்கேக்கயே தெரியும். இதுகளெல்லாம் எங்க இருக்கும் எண்டு யோசியுங்கோ: அரணையும் தவளையும் இருக்கிற இடம், அதாவது தண்ணித் தொட்டி அடி, கிணத்தடி வாழை, குளியலறைக் குழாய் ஒழுகிற மூலை, மாட்டுக்கொட்டில் பக்கத்துச் சாணக் குவியல், அடுக்கின ஓடு, வைக்கல் போர். லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

குட்டி தின்னுறதை விட குட்டியைத் தின்ன வாறது கூட. உடும்பு முட்டையையே கிண்டித் தின்னும். கீரி, காட்டுப்பன்றி, செண்பகம், பருந்து, ஆந்தை, மயில், கொக்கு, வீட்டுக் கோழி கூட. பூனை விளையாடியே கொல்லும். எறும்பு மொய்ச்சா வெடிச்ச முட்டைக்குள்ளயே கதை முடியும். மழைக்கால வெள்ளம், கோடை வறட்சி, மெயின் ரோட்டில டயர். 40 குட்டி போடுறது ஏனெண்டா 40உம் தப்பாது, பெரும்பாலானது முதல் வருசத்துக்குள்ளயே போயிடும், புடையன் குட்டி போடுற வயசுக்கு வர ரெண்டு மூண்டு வருசம் வேணும், அது மட்டும் தப்பிறது ஒண்டு ரெண்டுதான். அதால நாப்பது குட்டியெண்டு கேட்டு ஊரே பாம்பாப் போகும் எண்டு பயப்பட வேண்டாம். ஆனா அந்த முதல் சில நாள், எல்லாம் ஒரே குவியலுக்குப் பக்கத்தில இருக்கிற நாள், அதுதான் கவனிக்கிற நாள்.

எந்தக் குட்டி எண்டு கண்டுபிடிக்கிறது? தூரத்தில நிண்டு போனில சூம் பண்ணி ஒரு படம் எடுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். கண்ணாடிப் புடையன் குட்டிக்கு முதுகில சங்கிலி மாதிரி மூண்டு வரிசை வட்டம், தாயை விடத் தெளிவா செம்மஞ்சள் கலந்து இருக்கும், தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கல், உடம்பு கட்டை. இதை வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்புக் குட்டி எண்டு நினைச்சுத் தூக்கின ஆக்கள் இருக்கினம். வெங்கிணாந்திக் குட்டி பிறக்கேக்கயே ஒண்டரை அடிக்கு மேல இருக்கும், அதின்ர புள்ளிகள் ஒழுங்கில்லாத திட்டு. அடிமட்டத்தை விடக் கட்டையா, சங்கிலி போட்டு, உடம்பு தடிச்சு இருந்தா புடையன் எண்டே வையுங்கோ. கட்டுவிரியன் குட்டி கறுப்பு, வெள்ளை வளையம், குட்டியில வளையம் தலைப் பக்கம் தொடங்கி வால் மட்டும் தெளிவு, பெரிசானாத்தான் தலைப் பக்கம் மங்கும். வீட்டுச் சுவரில ஏறித் திரியிற விசமில்லாத வரையன் பாம்பும் அப்பிடித்தான் தெரியும், ஆனா அதுக்கு வளையம் தலைப் பக்கம் தெளிவு, வால் பக்கம் மறையும். இதைப் படத்தில பாத்துத் தெரிஞ்சுகொள்ளுங்கோ, கையில வச்சு இல்லை.

குட்டியின்ர விசம் தாயின்ரதை விடக் கூட எண்டு ஒரு கதை இருக்கு. பெரிய பாம்பிட்ட விசத்தின்ர அளவு கூட, அதால மொத்தத்தில பெரிசுதான் ஆபத்துக் கூட. ஆனா குட்டி தானே எண்டு விட ஏலாது, குட்டி கடிச்சும் ஆக்கள் கடுமையா பாதிக்கப்படலாம், சின்னப் பிள்ளைக்கு உடம்பு சின்னன், அதே விசம் கூட வேலை செய்யும்.

அத்தானுக்குச் சொன்னது என்னெண்டா, முதல்ல பையைப் போடாமல், எறியாமல், மெதுவா இருந்த இடத்திலயே இறக்கி வைக்கிறது. ரெண்டாவது, ஆள் வெளிய வந்து கொட்டில் கதவைத் திறந்து விடுறது, பாம்பு போக வழி வேணும். பிள்ளையளுக்கும் கோழிக்கும் நாய்க்கும் அந்தப் பக்கம் தடை. மண்ணெண்ணெய், உள்ளி கரைச்ச தண்ணி, உப்பு எண்டு தெளிக்கிறதால பாம்பு போகாது, உங்களுக்கு மணக்கும், அவ்வளவுதான். பத்து நாள் விட்டால் குட்டி தன்ர பாட்டில பிரிஞ்சு போயிடும். விட ஏலாத இடம் எண்டா, வீட்டுக்குள்ள அறை எண்டா, பழகின ஆளைக் கூப்பிடுங்கோ, அவர் வாற மட்டும் ஒராள் தூரத்தில நிண்டு அது எங்க போகுது எண்டு பாத்துக்கொண்டு நிக்கோணும், எல்லாரும் ஓடிப்போனா திரும்பி வரேக்க பாம்பு எந்த அலுமாரிக்குக் கீழ எண்டு தேடவேண்டி வரும்.

பத்து நாள் கழிச்சுத் துப்புரவு செய்யேக்க கையால ஒண்டும் தூக்காதேங்கோ. பூட்ஸ் போடுங்கோ, முழங்கால் மட்டும் வாற ரப்பர் பூட்ஸ், வயல் வேலைக்கு எல்லாரும் வச்சிருக்கிறதுதான். மண்வெட்டியாலயோ நீட்டுக் கொக்கத் தடியாலயோ பையை உங்கட பக்கம் இழுங்கோ, அங்கால புரட்டாதேங்கோ, இழுத்தா உங்களுக்கும் கீழ இருக்கிறதுக்கும் நடுவில பை மறைப்பா இருக்கும். விறகு, ஓடு, பை எல்லாத்தையும் தரையில வைக்காமல் நாலு கல்லு வச்சு ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கோ, கீழ வெளிச்சம் தெரியோணும். கதவுக்குக் கீழ சின்னி விரல் போற இடைவெளி இருந்தா குட்டி போகும், பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஆணி அடிச்சு விடுங்கோ. குளியலறைத் தண்ணி போற குழாய்க்கு வலை. கிழிஞ்ச நைலோன் மீன்வலையை வேலிக்குக் கட்டாதேங்கோ, குட்டி அதில சிக்கி உயிரோட கிடக்கும், பிறகு அதை எடுக்கப் போற கைக்குத்தான் கடி. நெல் மூட்டையை வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு நான் எதிரி, ஆனா திருடனுக்குப் பயந்து வைக்கிறம், அப்ப எலிப்பொறியும் வையுங்கோ.

நித்திரை. தரையில பாய் போட்டுப் படுக்கிறதில சுகம் இருக்குத்தான், ஆனா எட்டடி விரியன் ராத்திரி பல்லியும் எலியும் தேடி வீட்டுக்குள்ள வரும், ஊர்ந்து போற வழியில உங்கட உடம்பு இருக்கும், நீங்கள் நித்திரையில புரண்டா கடிக்கும். கடிச்சது தெரியாது, நோவு இல்லை, தடமும் தெரியாமல் இருக்கலாம். விடிய எழும்பி வயித்துக்குள்ள குத்துது, சத்தி, கண் இமை தூக்க ஏலாமல் விழுகுது எண்டா, சாப்பாடு ஒத்து வரேல்ல எண்டு நினைச்சு இருக்கக் கூடாது, நேர ஆஸ்பத்திரி. கட்டில், இல்லையெண்டா நாலு வாங்கை சேத்து, நுளம்பு வலையை விரிப்புக்குக் கீழ சுத்தவர சொருகி விட்டுப் படுங்கோ. நுளம்புக்கும் ஆச்சு.

கடிச்சிட்டுது எண்டா: ஆளை இருத்துங்கோ, நடக்க விடாதேங்கோ, கடிச்ச கை காலை அசையாமல் தடி வச்சுத் தளர்வா கட்டி வையுங்கோ, மோதிரம், காப்பு, கொலுசு கழட்டுங்கோ, வீங்கினா பிறகு கழட்ட ஏலாது. கயிறு கட்டி இறுக்காதேங்கோ, வெட்டாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ, ஐஸ் வைக்காதேங்கோ. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், அது பிந்தும் எண்டா கிடைக்கிற வாகனம். பாம்பை அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு போகத் தேவையில்லை, படம் இருந்தா காணும், இல்லாட்டியும் பரவாயில்லை. அங்க ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டு 20 நிமிசம் வச்சு உறையுதோ எண்டு பாப்பினம், புடையன் விசம் ரத்தம் உறையிறதைக் குழப்பும், அதால அந்தப் பரிசோதனையே கனக்கச் சொல்லிப்போடும். இஞ்ச குடுக்கிற விச எதிர்ப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை நாலுக்கும் செய்தது, குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது, அதால எந்தப் பாம்பு எண்டு டாக்குத்தருக்கு தெரிஞ்சா நல்லம். குட்டி கடிச்சது, சின்னக் கீறல்தான், ஒண்டும் செய்யேல்ல எண்டு வீட்ட இருக்காதேங்கோ, ஒரு நாள் முழுக்க வச்சுப் பாப்பினம், இருந்து குடுங்கோ. மந்திரிக்கிற ஆள் நல்ல மனிசனா இருக்கலாம், போறதெண்டா ஆஸ்பத்திரியால வந்த பிறகு போங்கோ.

அத்தான் பதினொராம் நாள் பூட்ஸ் போட்டு, கொக்கத் தடியோட, பக்கத்து வீட்டுத் தம்பியையும் துணைக்கு வச்சுக்கொண்டு பையளை இழுத்தார். கீழ உயிரோட ஒண்டும் இல்லை, வெங்காயத் தோல் மாதிரி ஏழெட்டுச் செட்டை, ஒரு பல்லி வால், காஞ்ச சவ்வுத் துண்டுகள். எண்ணிப் பாத்தியளோ எண்டு கேட்டன், ஏழெட்டுக்குப் பிறகு எண்ணேல்ல எண்டார். இப்ப கொட்டிலில பையெல்லாம் கல்லுக்கு மேல இருக்கு. எண்டாலும் ஒரு பையைத் தூக்கிறதெண்டா எனக்கு போன் எடுக்கிறார், ஒரு வித்தியாசம், இப்ப தூக்கிறதுக்கு முதல் எடுக்கிறார்.